எனக்கென்று ஒன்றரை ஏக்கர்

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைக்கு வீடு கிடையாது. குறையாகச் சொல்லவில்லை, முறையைச் சொல்கிறேன். பிறப்பது உம்மாவின் வீட்டில். கலியாணம் முடிந்தால் பெண்சாதியின் வீடு. மகளுக்கு மாப்பிள்ளை எடுத்ததும் அந்த வீட்டை மகளின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அடுப்பெரிகிற குசினிப் பக்கமாக ஒரு சாய்ப்பு இறக்கி அதற்குள் போய் ஒதுங்க வேண்டியது. அங்கிருந்து நாலு பேர் தூக்கிப் போனால் அடுத்தது மையவாடிதான்.

நான் இலங்கையின் கிழக்குக் கரையில் பாலமுனையில் பிறந்தவன். கச்சிமுகம்மது என்று பெயர். இருபத்திரண்டு வயதில் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்முனைக்குடிக்கு, றுகையாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பாலமுனை வளவில் சின்ன வயதில் நான் வைத்து வளர்த்த மாமரம் இப்போது என் தங்கை ஹாஜறாவுடையது. போனால் ஒரு பையில் நாலு மாங்காய் போட்டுத் தருவாள். நான் வைத்த மரத்தின் காயை எனக்கே விருந்தாளிக்குத் தருவதுபோல் தருவாள். வாங்கிக்கொண்டு வருவேன், வேறென்ன செய்ய?

கல்முனை பசாரில் ஒரு துணிக்கடையில் இருபத்தாறு வருடம் நின்றேன். எழுபத்து நாலுப் பஞ்சத்தில், பேக்கரியில் பாண் வாங்க விடியச் சுபஹு தொழுத கையோடு கியூவில் போய் நின்ற காலத்தில்தான் இந்தப் பைத்தியம் என்னைப் பிடித்தது. முன்னால் நாற்பது பேர், பின்னால் நாற்பது பேர். எனக்கு முன்னால் நின்ற ஆளோடு பாண் முடிந்து போனது. வெறுங்கையோடு திரும்பி வரும்போது ஒரு வீட்டு வேலியோரம் மரவள்ளி நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். சொந்தமாய் ஒரு துண்டு நிலம் இருந்தால் நான் யாருக்குப் பின்னாலும் நிற்கத் தேவையில்லையே என்று அன்றைக்கு நினைத்தது, பிறகு மண்டையை விட்டுப் போகவேயில்லை.

ஆனால் நான் காணி வாங்கிய நேரம்தான் கோணலாகிப் போனது. எழுபத்தெட்டுச் சூறாவளியில் தென்னைகளெல்லாம் சாய்ந்து, ஆள் பார்க்காமல் கிடந்த ஒன்றரை ஏக்கர் மேட்டுக் காணி. நாவிதன்வெளிப் பக்கம், வயல்களுக்கு நடுவே. அதை நான் எழுபத்தொன்பதில் வாங்கும்போது பசாரில் எல்லாச் சாமானும் வந்து குவிந்துவிட்டது. கியூ இல்லை, கூப்பன் இல்லை, பாண் வேண்டிய மட்டும். பஞ்சத்தில் பயிர் வைக்காதவன் பவுசு வந்த பிறகு மண்வெட்டி வாங்குகிறான் என்று கடையில் ஒரு மாதம் சிரித்தார்கள். றுகையா சிரிக்கவில்லை. அவளுக்கு விளங்கவில்லை.

"கடையில எல்லாம் கிடக்கு. மறுகா என்னத்துக்கு இந்தப் பாடு?" என்று கேட்டாள்.

"எனக்கெண்டு ஒரு மண் வேணும், றுகையா."

"உங்களுக்கெண்டா?" என்றாள். அந்தக் கேள்வியை அவள் கேட்ட விதத்தை நான் அப்போது கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் ஐந்து வருடம் மிச்சப்பட்டிருக்கும்.

வெள்ளிக்கிழமைகளில் கடை அடைப்பு. சைக்கிளை எடுத்துக்கொண்டு கிட்டங்கி ஆறு தாண்டிப் போவேன். கடற்கரை மணலில் வளர்ந்தவனுக்கு அந்தக் கறுத்த மண் புதுச் சங்கதி. முதல் தடவை கச்சான் கடலை போட்டபோது கடையிலிருந்து துணி அளக்கிற மூன்றடி யார் கோலைக் கொண்டுபோய்ச் சரியாக அளந்து அளந்து வரிசை பிடித்தேன். பக்கத்துக் காணிக்காரர் வேலப்போடி. தலைமுறை தலைமுறையாக வேளாண்மை செய்கிற தமிழ் மனிதர், எங்கள் பக்கத்தில் நிலக்காரரைப் போடி என்பார்கள். முஸ்லிம் ஆட்களை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வெற்றிலை மென்றபடி வெகு நேரம் பார்த்தார்.

"என்ன காக்கா, மண்ணுக்குச் சட்டை தைக்கிறயளா?"

"இடைவெளி சரியா இரிக்கணுமெல்லோ, போடியார்?"

"ஓம், ஓம். இந்த இடைவெளிக்க ஒரு வண்டில் ஓட்டலாம்."

அவர் சொன்னது சரி. ஒரு யார் விட்டு ஒரு யார் நட்ட கச்சானில் புல்தான் நன்றாக விளைந்தது. கோபம் எனக்கு மூக்கு நுனியில் நிற்கிற ஆள்தான், ஆனாலும் அவரோடு கோபித்துக்கொள்ள முடியவில்லை. அடுத்த கிழமை அவரே கயிறு பிடித்து வரிசை போட்டுத் தந்தார்.

இரண்டாம் வருடம் மரவள்ளி நட்டேன். கிழங்கு திரண்டு வரும் நேரம் காட்டிலிருந்து இறங்கி அந்த மிருகம் கிண்டிவிட்டுப் போனது. எங்கள் வீட்டில் அதன் பெயரைச் சொல்வதில்லை, அதனால் அந்த மிருகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தப்பிய மரங்களைப் பிடுங்கி ஒரு சாக்குக் கிழங்கு கொண்டு வந்தேன். றுகையா வாசல் கடப்படியிலேயே மறித்துவிட்டாள்.

"அது வாய் வெச்ச தோட்டமா?"

"இந்த மரத்துல வாய் வெக்கல்ல."

"நீங்க பாத்துக்கிட்டா இருந்த?"

பள்ளி லெப்பையிடம் ஆள் அனுப்பிக் கேட்டாள். வாய் படாத கிழங்குக்கு ஒன்றுமில்லை, தின்னலாம் என்றார் அவர். அப்படியும் அவளுக்கு மனம் ஒப்பவில்லை. அந்த மிருகம் தொட்டதற்கு மார்க்கம் சொல்கிற கணக்குப்படி ஏழு தரம் கழுவினாள், அதில் ஒரு தரம் மண் போட்டு. மண்ணுக்குள்ளிருந்து வந்த கிழங்கை மண் போட்டுக் கழுவியது எங்கள் வீட்டில் மட்டும்தான் நடந்திருக்கும். அவித்துத் தேங்காய்ப்பூவோடு வைத்தாள். மூன்றாவது துண்டை எடுக்கும்போது, "மாப் போல இரிக்கி" என்று தனக்குள் சொன்னாள். எனக்கு மறுநாள் முழுக்கக் கடையில் கால் தரையில் படவில்லை.

அப்படியே பிடித்துக்கொண்டேன். கத்தரி, வெண்டி, உறைப்புக்குக் கொச்சிக்காய், வேலியெல்லாம் பயிற்றைக் கொடி. எண்பத்திரண்டில் எங்கள் வீட்டுக்கு அரிசியும் மீனும் தேங்காய் எண்ணெயும் தவிர மற்றதெல்லாம் அங்கிருந்துதான் வந்தது. கத்தரிக்காயை றுகையா அக்கம்பக்கத்துக்கெல்லாம் பங்கு போட்டாள். அவளைச் சுற்றி அக்கம்பக்கம் என்றால் அவளுடைய ஆட்கள்தான். வலப்பக்கம் மூத்த தாத்தா, அதாவது அக்கா, சுல்பிகாவின் வீடு, இடப்பக்கம் சின்னம்மாவின் வீடு, பின்னால் சின்னம்மாவின் மகளுடைய வீடு. வேலிகளில் ஆள் நுழைகிற அளவுக்குப் பொட்டு வைத்திருப்பார்கள். தெருவில் இறங்காமலே நாலு வீட்டுக்குப் போய் வரலாம்.

எண்பத்து மூன்றில் மூத்தவள் நஸீறாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை பாடசாலை வாத்தியார், நல்ல பிள்ளை. வழக்கப்படி வீடும் வளவும் நஸீறாவின் பெயருக்குப் போனது. நாங்கள் இரண்டு பேரும் இளையவள் நதீராவோடு குசினிப் பக்கச் சாய்ப்புக்கு மாறினோம். நதீராவுக்கு அப்போது பன்னிரண்டு.

நான் இதற்குத்தான் காத்திருந்தேன். கடை வேலையை விட்டேன். காணியில் இரண்டு அறையும் ஒரு குசினியும் வைத்துக் களிமண் வீடு கட்டினேன். சுவருக்கு மண் குழைத்ததும் நான், கூரைக்குத் தென்னங்கிடுகு கட்டியதும் நான். வேலப்போடியும் அவர் மகனும் வளை ஏற்ற வந்தார்கள், அவ்வளவுதான். என் வாழ்க்கையில் ஒரு வீட்டுச் சுவரில் யாரிடமும் கேட்காமல் ஆணி அடித்தது அன்றைக்குத்தான். அடித்துவிட்டு அதில் மாட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் உடம்பில் போட்டிருந்த சேட்டைக் கழற்றி மாட்டினேன்.

வீட்டுக்கு வந்து றுகையாவிடம் சொன்னேன்.

"வீடு முடிஞ்சி. இனி நாம அங்க போய் இரிப்பம்."

அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"நல்லம்" என்றாள். "போய் இரிங்க."

"நீயும்தான்."

"பாப்பம்."

பாப்பம் என்றால் என்ன அர்த்தம் என்று இருபத்தெட்டு வருடம் கூட இருந்தவனுக்குத் தெரியாதா என்று கேட்காதீர்கள். தெரியாது. சம்மதத்துக்கும் அதைத்தான் சொல்வாள், மறுப்புக்கும் அதைத்தான் சொல்வாள். நான் தனியே போய்ச் சமைத்துத் தின்று, வியாழன் பின்னேரம் மரக்கறியோடு வந்து, சனிக்கிழமை திரும்பிப் போகத் தொடங்கினேன். அவளில்லாத அந்த வீடு எனக்குக் கசந்தது. வெளிப்படையாகவே சொல்கிறேன். அவளுக்காகத்தான் குசினியைப் பெரிதாக வைத்தேன். அவள் வராவிட்டால் நான் கட்டியது வீடில்லை, வயல் காக்கிற வாடி.

ஏன் வரவில்லை என்று யோசித்து யோசித்து ஒவ்வொன்றாகச் சரிப்படுத்தினேன். ஆண்கள் போய் வருகிற பாதை, பார்வை படும் என்று யோசிக்கிறாளோ? ஆள் உயரத்துக்கு மேலே கிடுகு வேலி அடைத்தேன். "நல்ல அடைப்பு" என்று கேள்விப்பட்டுச் சொன்னாள். வரவில்லை. தண்ணீர் தூரமோ? குசினி வாசலில் கிணறு தோண்டினேன். பதினோரு முழத்தில் தேங்காய்த் தண்ணீர் மாதிரி ஊற்று. ஒரு போத்தலில் கொண்டு வந்து காட்டினேன். குடித்துப் பார்த்து, "உப்பே இல்ல" என்று ஆச்சரியப்பட்டாள். வரவில்லை. பாங்கு கேட்காதோ? வயல் தாண்டி இருக்கிற ஊர்ப் பள்ளியின் பாங்கு காலையில் தெளிவாகக் கேட்கும் என்று சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். அதற்கும் வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். சுல்பிகா மச்சி வேலிப் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டினாள்.

"என்ன மச்சான் சத்தம்?"

"உங்கட தங்கச்சியக் கேளுங்க. கட்டின வீட்டுல வந்து இரிக்க ஏலாதாம்."

"ஆர்ட வீட்டுல?"

"என்ட வீட்டுல!"

மச்சி றுகையாவைப் பார்த்தாள், றுகையா மச்சியைப் பார்த்தாள். பிறகு மச்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். நான் என்ன பகிடி சொன்னேன் என்று எனக்கு விளங்கவேயில்லை.

அடுத்த நாள் காணியில் வேலப்போடியிடம் சொல்லிப் புலம்பினேன். வேலி, கிணறு, பாங்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"காணி உறுதிப் பத்திரம் ஆர்ட பேர்ல கிடக்கு?"

"என்ட பேர்லதான். நான் வாங்கின காணி."

"அப்ப அந்தப் புள்ள எப்பிடி வரும், காக்கா?" என்றார். "எங்கட ஆக்களிலயும் இதே கதைதான். நான் பேருக்குத்தான் போடி. கிடக்கிறது என்ட பொஞ்சாதி அன்னப்பிள்ளைட வளவுல. அவவ நான் ஒரு நாளைக்கு என்ட வீட்டுக்கு வா எண்டு கூப்பிட்டா, எனக்கு விசர் புடிச்சிட்டு எண்டு எண்ணிப் பரிகாரிட்டத்தான் கூட்டிப் போவா."

நான் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரம்பில் குந்திவிட்டேன். இருபத்தெட்டு வருடம் நான் இருந்த இருப்பு எனக்கு நினைவுக்கு வந்தது. வந்த புதிதில் குசினிக்குள் போய்த் தண்ணீர் அள்ளிக் குடிக்க வெட்கப்பட்டு விடியும் வரை தாகத்தோடு கிடந்திருக்கிறேன். முற்றத்துப் பூவரசில் ஒரு கொப்பு வெட்ட மாமியிடம் இரண்டு நாள் சொல்லிவைத்துத்தான் கத்தி எடுத்தேன். ஒரு சண்டை வந்தால் வெளியே போகிறவன் நான்தான், அவள் இல்லை. அவள் போக வேண்டிய இடம் என்று ஒன்று இருந்ததேயில்லை. அப்படிப்பட்டவளைத்தான் நான் ஐம்பது வயதை நெருங்குகிற நேரத்தில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இன்னொருவர் வீட்டில் இரு என்று கூப்பிட்டிருக்கிறேன். அவளுடைய உம்மா, உம்மாவின் உம்மா, யாருமே செய்யாத காரியம்.

விளங்கியது. விளங்கியதும் கோபம் குறையவில்லை, கூடிவிட்டது. ஏனென்றால் அவளும் சரி, நானும் சரி. எனக்கென்று இருப்பது இந்த ஒன்றரை ஏக்கர்தான். இதை அவள் பெயருக்கு எழுதினால் நான் திரும்பவும் பெண்சாதி வீட்டில் இருக்கிற மாப்பிள்ளை. எழுதாவிட்டால் தனியே கத்தரிக்காய் சுட்டுத் தின்கிற சொந்தக்காரன். எதற்காகக் காணி வாங்கினேன், யாரோடு இருந்து தின்பதற்காகப் பயிர் வைத்தேன் என்று எனக்கே குழம்பிவிட்டது. இரண்டு மாதம் இப்படியே போனது. ஒரு நாள் கத்தரிக்காயும் கருவாடும் போட்டு நானே ஒரு கறி வைத்துப் பார்த்தேன். கறி நன்றாகத்தான் வந்தது. பாதியைத் தின்றுவிட்டு, நன்றாயிருக்கிறது என்று சொல்ல ஆளில்லாமல் மிச்சத்தைக் கோழிக்குக் கொட்டினேன்.

மறுநாள் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசிடம் போனேன். காணியை றுகையாவின் பெயருக்கு நன்கொடை உறுதியாக எழுதச் சொன்னேன்.

"நல்லா யோசிச்சித்தான் வந்தீங்களா?" என்று அவர் கேட்டார். "மறுகா திருப்பி எழுதுறது லேசில்ல."

"யோசிச்சது காணும், எழுதுங்க" என்று அவர்மேல் பாய்ந்தேன். பாவம், அவர் என்ன செய்தார்?

உறுதியை றுகையாவின் கையில் கொடுத்தேன். அவள் ஐந்தாம் வகுப்புப் படித்தவள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் போய், தன் பெயர் இருக்கிற இடத்தில் நின்றாள். ஏன் என்று கேட்கவில்லை. தான் கேட்காமலே எழுதிக் கொடுத்தாரே என்று சந்தோஷப்பட்ட மாதிரியும் தெரியவில்லை. மழை பெய்தால் தண்ணீர் ஓடும் என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, உறுதியை அலுமாரிக்குள் சாரிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.

"திங்கக்கிழம ஒரு வண்டில் பிடிங்க" என்றாள்.

அம்மி, உரல், எட்டுக் கோழி, நதீரா, நதீராவின் புத்தகங்கள். வண்டிலுக்குப் பின்னால் நான் சைக்கிளில். சுல்பிகா மச்சி அழுதுகொண்டு சந்தி வரை வந்தாள். ஆனால் ஒரு வார்த்தை கூடத் தடுக்கவில்லை. தங்கச்சி தன்னுடைய வீட்டுக்குத்தானே போகிறாள்! வழி நெடுக என் நெஞ்சு நிறைந்து போயிருந்தது. பாணுக்கு நின்ற அந்தக் கியூவிலிருந்து இப்போதுதான் வீடு வந்து சேருகிற மாதிரி எனக்கு இருந்தது.

வந்து இறங்கியதும் றுகையா கிணற்றை எட்டிப் பார்த்தாள். குசினியில் அடுப்பைக் கழற்றி மறு மூலையில் வைத்தாள். நான் சேட்டு மாட்டியிருந்த ஆணியைப் பிடுங்கி, கதவுக்குப் பக்கத்தில் அடிக்கச் சொன்னாள். அடித்தேன். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுத் தோட்டத்தைச் சுற்றி வந்தாள். பயிற்றையைத் தொட்டுப் பார்த்தாள், கொச்சிக்காயில் ஒன்றைப் பறித்து மடியில் போட்டாள். பார்த்து நின்ற எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசியாகக் கத்தரிப் பாத்திக்கு வந்தாள். ஐந்து வருடம் சாணமும் சாம்பலும் இலைகுழையும் போட்டு நான் பதப்படுத்திய மண் அது. கையை விட்டால் முழங்கை வரை இறங்கும்.

அதற்குக் குறுக்கே காலடி வைத்து எண்ணத் தொடங்கினாள். பதினெட்டு. திரும்பி நெடுக்காக எண்ணினாள். இருபத்தாறு. நாலு மூலையிலும் நாலு கம்பு குத்தினாள்.

"என்ன செய்யிறாய்?"

"நதீராட வீடு" என்றாள். "இன்னும் ஆறு ஏழு வருசத்துல அவளுக்கும் மாப்பிள எடுக்கணுமெல்லோ. மூத்தவளுக்கு வளவு முடிஞ்சி. இவளுக்கு என்ன செய்யிற எண்டு நான் ராப்பகலா யோசிச்சிக் கிடந்தன். ரப்புதான் வழி காட்டின. மண் மேடு, தண்ணி நல்லம். வீட்டுக்கு இதுதான் இடம்."

மூன்றாம் தடவையும் என் கையை விட்டு ஒரு வீடு போகிறது. உம்மாவின் வீடு, பெண்சாதியின் வீடு, இப்போது நானே வாங்கி, நானே கொத்தி, நானே கட்டிய வீடு.

"றுகையா!" என்று கத்தினேன். வேலிக்கு அந்தப் பக்கம் வேலப்போடியின் மாடு கூடத் திரும்பிப் பார்த்தது. "எல்லாருக்கும் எழுதினா எனக்கு? இந்த உலகத்துல எனக்கெண்டு ஒரு சாண் காணி வேணாமா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை, பகிடியுமில்லை. நான் கேட்டது அவளுக்கு நிசமாகவே விளங்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, பிள்ளைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னாள்.

"உங்களுக்கு என்னத்துக்குக் காணி? நான் இரிக்கிறன்தானே."

என்னை ஒன்றுமில்லாதவன் என்று சொல்லிவிட்டாளா, அல்லது இருபத்தெட்டு வருடத்தில் ஒரு முறையும் சொல்லாததைச் சொல்லிவிட்டாளா? கோபப்பட வேண்டுமா, அழ வேண்டுமா? அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாய்த்தான் வந்தது. கண்ணைத் துடைத்தால் அவள் பார்ப்பாளே என்று கத்தரிச் செடிகளுக்கு நடுவே குனிந்து நின்றேன்.

அவள் அதற்குள் ஒரு கயிற்றை எடுத்து முதல் கம்பில் கட்டிவிட்டிருந்தாள்.

"என்ன பாத்துக்கு நிக்கிறீங்க? வந்து மற்றத் தலைப்பப் பிடிங்க" என்றாள்.

போய்ப் பிடித்தேன்.